பதினாறு மதிப்பெண் உறுதி

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் கடைசிப் பகுதிக்கு 16 மதிப்பெண். வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. பாடநூலின் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பப் படித்தால் அவற்றில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இரண்டையும் சேர்த்தால் 30. தேர்ச்சிக்கு 35 போதும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டையானாலும் ஆவுடையார்கோவிலானாலும், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கணக்கு ஆசிரியர்கள் மனதில் ஓடுவது இந்தக் கூட்டல்தான். மாலைச் சிறப்பு வகுப்பில் 'மெல்லக் கற்போர்' தனியே உட்கார்த்தி வைக்கப்படுகிறார்கள். அவர்கள் கையில் தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சில பக்கச் சுருக்கம், அதாவது 'மினிமம் மெட்டீரியல்'. தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட்.

கொடுத்த முக்கோணத்தைப்போல் 7/3 மடங்கில் ஒரு வடிவொத்த முக்கோணம் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பக்கத்திலிருந்து ஒரு சாய்கோடு, அதில் ஏழு வெட்டு, மூன்றாவது புள்ளியை முக்கோணத்தின் முனையோடு இணை, ஏழாவதிலிருந்து அதற்கு இணைகோடு போடு. பத்துத் தடவை போட்டால் கை பழகிவிடுகிறது. முக்கோணம் ஏன் பெரிதானது என்று கேட்டால் அந்தப் பிள்ளை விழிக்கும். இதே பாடத்தைக் கொடிக்கம்பத்தின் நிழலை அளந்தும் நடத்தலாம். ஒரு குச்சி, ஒரு அளவு நாடா, வெயில் உள்ள ஒரு பாடவேளை இருந்தால் கம்பத்தில் ஏறாமலேயே அதன் உயரம் கிடைத்துவிடும். வடிவொத்த முக்கோணம் எதற்கு என்பது அன்றைக்குப் புரிந்தால் ஆயுளுக்கும் மறக்காது. ஆசிரியருக்கு இது தெரியாமலில்லை. அந்தப் பாடவேளையில் முப்பது பேரை இன்னொரு முறை வரையவைக்கலாமே என்ற கணக்கு குறுக்கே நிற்கிறது.

அந்தக் கணக்கு தவறா? சட்டென்று தவறு என்று சொல்லிவிட முடியாது. புதுக்கோட்டையிலேயே ஆசிரியப் பணி செய்த நா. முத்துநிலவன் 'முதல் மதிப்பெண் எடுக்க வேண்டாம் மகளே' என்று ஒரு நூலுக்கே பெயர் வைத்தார். மதிப்பெண் வேட்டையில் நசுங்கும் பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டிய சொல் அது. ஆனால் முதல் மதிப்பெண் வேறு, 35 வேறு. கறம்பக்குடிப் பக்கம் ஒரு விவசாயக் கூலி வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு அந்த 35தான் பாலிடெக்னிக்கின் வாசல், குரூப் 4 தேர்வுக்கான தகுதி. சில வீடுகளில் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடும் காரணமும் அதுதான். மதிப்பெண் முக்கியமில்லை என்று எளிதாகச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் வேறு ஏணிகள் இருக்கின்றன. அவளை எப்படியாவது கரையேற்ற நினைக்கும் ஆசிரியரைப் படைப்பூக்கம் இல்லாதவர் என்று பழிப்பது அநியாயம்.

பள்ளியிடம் கணக்குக் கேட்பதும் அநியாயமில்லை. அரசுப் பணம் செலவாகிறது. பிள்ளைகளின் வயது செலவாகிறது. யாரும் எதுவும் கேட்காத பள்ளியில் கலை பூத்துக் குலுங்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே பெரும்பாலும் வகுப்பே நடக்காது. கேட்க நாதியில்லாத பெற்றோரின் பிள்ளைதான் அதில் முதலில் நஷ்டப்படும். திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வதிலும் குற்றமில்லை. குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு வாக்கில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு முழுக்க முழுக்கச் சுர வரிசைகள்தாம். மாணவர்களின் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. வரிசை பாடாமல் ராகம் வராது. வரிசையோடு நிறுத்திவிட்டு அதுதான் சங்கீதம் என்று சொன்னால்தான் பிழை.

அறக் கேள்வி எழும் இடம் வேறு. தேர்ச்சி விழுக்காடு என்ற ஒற்றை எண்ணைக் கேட்கும்போது, வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் மதிப்பு அந்த எண்ணுக்கு அவர்கள் எவ்வளவு பயன்படுவார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. 28 வாங்குபவன் திடீரென்று முக்கியமானவனாகிறான். கொஞ்சம் தள்ளினால் ஏறிவிடுவான். 80 வாங்குபவளுக்கு யாரும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எட்டு, பத்து வாங்குபவன் மெதுவாகக் கண்ணிலிருந்து மறைகிறான். 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்குத்தான் நிழலும் குச்சியும் கதையும் பாட்டும் அதிகம் தேவை. அவர்களுக்கே நாம் ஆக மெலிந்த கல்வியைக் கொடுக்கிறோம். நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்படியும் தப்பித்துக்கொள்ளும்.

இது இன்றைக்கு வந்த நோயும் இல்லை. 1862இல் இங்கிலாந்தில் மாணவர் தேர்வில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்ற முறை வந்தது. சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகளிலும் அது பரவியது. ஆய்வாளர் வந்து சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். இங்கிலாந்தில் பள்ளி ஆய்வாளராகவே வேலை பார்த்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட், இது கற்பித்தலை இயந்திரமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் எச்சரித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் இதன் கடைசி எல்லையைப் பார்த்தார்கள்: மதிப்பெண் நெருக்கடியில் விடைத்தாள்களையே திருத்திய வழக்கில் 2015இல் 11 கல்வியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் வகுப்பு ஆசிரியர்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2017இல் பொதுத்தேர்வு முடிவோடு முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல முடிவு. ஆனால் மாணவருக்குத் தரம் போடுவதை விட்டோமே தவிர, மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் போடுவதை விடவில்லை. முடிவு வந்த அன்றே எந்த மாவட்டம் எத்தனையாவது என்ற பட்டியல் வந்துவிடும். அடுத்து மீளாய்வுக் கூட்டம். மாவட்டம் இரண்டு படி இறங்கினால் மேலிருந்து கேள்வி வருகிறது. அது முதன்மைக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், பாட ஆசிரியர் என்று இறங்கி, கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வந்து நிற்கிறது. எதிர்த் திசையில் ஒரு கேள்வியும் ஏறுவதில்லை. பாதி வருஷம் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த பள்ளியிடமும் அதே விழுக்காடுதான் கேட்கப்படுகிறது. கேட்கிற உரிமை உள்ளவருக்குக் கொடுக்கிற கடமையும் உண்டு. அந்தக் கடமையில் தவறியவர் கேட்கும் கணக்குக்கு அறத்தின் பலம் கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கே வேறொரு நினைவும் உண்டு. 1991இல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். அதற்கும் இலக்கு இருந்தது, தேர்வு இருந்தது, எண்ணிக்கை இருந்தது. 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கவும் பட்டது. ஆனால் கூலிப் பெண்களும் கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது எழுத்தறிவுக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராது. இருந்தும் நிர்வாகம் அதைத் தடுக்கவில்லை, தானே தூக்கிப் பிடித்தது. படிப்பு எதற்கு என்று கேட்ட பெண்களுக்குச் சைக்கிள் கைமேல் பதில் கொடுத்தது: தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போகலாம். கணக்குக் கேட்பவர்களே கணக்கில் வராத ஒன்றுக்கு இடம்விட்டதால் வந்த விளைவு அது. அதே மாவட்டத்தில் இன்றைக்கு ஒரு விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வாங்கினால் அது அர்ப்பணிப்பு என்று பாராட்டப்படுகிறது.

ஆசிரியரின் பொறுப்பு இதனால் தீர்ந்துவிடாது. நெருக்கடி உண்மை, ஆனால் ஆறாம், ஏழாம் வகுப்பில் பொதுத்தேர்வே கிடையாது. அங்கேயும் கேள்வி-பதில் எழுதிப்போட்டு ஒப்பிக்கவைத்தால் அதற்கு மீளாய்வுக் கூட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. பத்தாம் வகுப்பில்கூட ஜூனிலிருந்து அரையாண்டு வரை ஒரு பருவம் இருக்கிறது. கொடிக்கம்பத்தின் நிழலை ஆகஸ்டில் அளந்தால், ஜனவரியில் அந்த எட்டு மதிப்பெண் வரைதல் பாதி உழைப்பில் வந்துவிடும். அதைச் செய்து பார்க்கும் ஆசிரியருக்கு ஒரு திருப்புதல் தேர்வில் விழுக்காடு சற்றுக் குறைந்தால் உடனே நோட்டீஸ் கொடுக்காமல் இருக்கும் தலைமையாசிரியர் வேண்டும். அந்தப் பொறுமைக்கு மேலிடத்தின் காப்பு வேண்டும்.

விழுக்காடு என்ற அந்த எண்ணையே ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். 2023இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 94.03 விழுக்காடு. தேர்வெழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேறினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் முதல் நாள் மொழித்தாளுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவேயில்லை. வராதவர்கள் அந்த வகுத்தலில் இல்லை. தேறமாட்டார் என்று தோன்றும் பிள்ளை நின்றுவிட்டால் பள்ளியின் எண்ணுக்கு லாபம். ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிப் போகச் சொன்னால் இன்னும் லாபம். சில தனியார் பள்ளிகள் அதைத்தான் செய்கின்றன. ஒரு பிள்ளை காணாமல் போவதால் கூடுகிற எண்ணைக் கல்வியின் அளவு என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் உண்டு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டு மார்ச்சில் தேர்வறையில் உட்கார்ந்தார்கள், வராதவர்கள் இப்போது எங்கே என்று அதிலிருந்தே எடுத்துவிடலாம். அடுத்த மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு முன்னால் இந்தப் பட்டியலைக் கேட்கட்டும். எந்தெந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பதையும் அதே தாளில், அதே வரியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லட்டும்.