வில்லங்கச் சான்று

1

சென்னையில் வீடு வாங்கப் போகிறவன் கேட்கும் கேள்விகளை இரண்டாகச் சுருக்கிவிடலாம். பத்திரம் சுத்தமாக இருக்கிறதா? ஏரியா எப்படி? முதல் கேள்விக்குப் பதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. தரகர், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் தூரத்து உறவினர், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கப்படும் தெரு மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ ராஜா அண்ணாமலைபுரத்திலோ பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியதாக இருந்துவிட்டால், பதில் அநேகமாக ஒரே மாதிரி வருகிறது: "ராத்திரி எட்டு மணிக்கு மேல கொஞ்சம் பார்த்துப் போகணும் சார். ஆனா அஞ்சு வருஷத்துல எல்லாம் க்ளியர் ஆயிடும்."

இந்த வாக்கியத்தில் 'எல்லாம்' என்ற சொல் மனிதர்களைக் குறிக்கிறது. 'எல்லோரும்' என்று சொல்லியிருந்தால், போகப்போகிறவர்கள் யார், எங்கே போவார்கள் என்ற அடுத்த கேள்விக்கு இடம் வந்திருக்கும். உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு ஒரு சொல்லில் இறக்கிவிட்டதும் அந்தக் கேள்வி எழாமல் போகிறது. கேட்டவனும் நிம்மதியாகத் தலையாட்டுகிறான்.

ஏரியாவின் பெயர் கெட்டிருப்பதால் வீட்டின் விலை இன்று சற்றுக் குறைவு. பெயர் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பினால் அது நல்ல முதலீடு. ஆக, வாங்குகிறவன் ஒரே பத்திரத்தில் இரண்டு பொருள்களை வாங்குகிறான்: நாலு சுவர், ஒரு எதிர்பார்ப்பு. நாலு சுவரை வாங்குவதில் தார்மீகப் பிரச்னை ஏதுமில்லை. அந்த எதிர்பார்ப்பை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

2

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். நடுத்தர வர்க்கத்தின் பயம் முழுவதும் பிரமை, வர்க்க வெறுப்பின் மாறுவேடம் என்று சொல்லி இந்தப் பிரச்னையைத் தாண்டிவிடுகிற முற்போக்காளர்கள் உண்டு. இது சௌகரியமான வழி. சங்கிலி பறிபோகிறது என்பது நிஜம். டாஸ்மாக் கடையைத் தாண்டி இரவில் வீடு திரும்பும் பெண்ணின் நடை வேகமாவது நிஜம். அவளுடைய பயத்தை ஒரு தத்துவத்தால் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தப் பயம் அவளோடு நின்றுவிடுவதில்லை. அதே கடையைத் தாண்டி, இன்னும் இருட்டான சந்துக்குள், இன்னும் பலவீனமான கதவுள்ள வீட்டுக்குத் திரும்புகிற இன்னொரு பெண் இருக்கிறாள். அடுக்குமாடியில் பாத்திரம் துலக்கிவிட்டுப் போகிறவள் அவள். ரௌடிக்கு முதலில் மாமூல் கொடுப்பவர்கள் அவன் வாழும் குப்பத்துக்காரர்கள். போலீஸ் ஜீப் வந்தால் முதலில் அள்ளிக்கொண்டு போகப்படுகிறவர்களும் அவர்கள்தான். குண்டர் சட்டம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முழுப்பெயரில் குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர்களும் ஒரு வகையினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். குடிசைவாசி இரையாகக்கூடியவன் என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. வீடு வாங்கப் போகிறவனின் கணக்கில் மட்டும் அவன் எப்போதும் பயத்தின் காரணம். பயப்படுகிறவனாக ஒருபோதும் வருவதில்லை.

சட்டம் தண்டிக்கும் செயலுக்கும் மனத்தில் ஒட்டியிருக்கும் மாசுக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான்: குற்றம். முதல் பொருளை நாம் ஓர் இடத்தின் குணமாக்கிவிட்டோம். 'குற்றங்கள் நடக்கிற ஏரியா' என்கிறோம். இரண்டாவது பொருளுக்கு முகவரி கேட்டால் நம் தெருவிலேயே கிடைக்கும் என்பதால் அதைக் கேட்பதில்லை.

3

ஆக்கிரமிப்பு என்ற சொல்லும் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த சொல்தான். தியாகராய நகர் 1920-களில் ஓர் ஏரியின் மேல் எழுந்தது. நீண்டு கிடந்த அந்த ஏரியைத் தூர்த்து நீதிக்கட்சி ஆட்சியில் மனை போட்டார்கள். பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. அதைப் பின்னர் யாரும் நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று அழைத்ததில்லை. திட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, பத்திரம் எழுதிச் செய்ததால் அது நகரமைப்பு.

மயிலாப்பூரில் இந்த வேறுபாடு கண்ணெதிரே நிற்கிறது. பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை ஓடத் தொடங்கி 1997-இல் திருமயிலையை எட்டியது. அதன் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயின் உள்ளேயே இறங்கி நிற்கின்றன. அதே கால்வாயின் கரையில் நிற்கும் ஓட்டு வீடு வெள்ள நீர் போவதைத் தடுப்பதாக வழக்கு மன்றம் ஏறுகிறது. ரயிலே வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் லட்சக்கணக்கானோர் போகிறார்கள்; கரையில் வாழ்பவர்களும் போகிறார்கள். நீர் எந்தச் சிமெண்டைத் தடையாகக் கருதுகிறது என்பதை நீர் தீர்மானிப்பதில்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. அப்போது 'மாற்று' என்ற சொல்லுக்குக் குடிசையைக் கட்டடமாக மாற்றுவது என்று பொருள். குடிசைகள் இருந்த இடங்களிலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரையை ஒட்டிய விலைமதிப்புள்ள நிலத்திலேயே மீனவர் குப்பங்களுக்கு அவை கட்டப்பட்டன. கட்டுமானம் மோசம், ஒழுகியது, பராமரிப்பு இல்லை என்று எவ்வளவோ சொல்லலாம். ஒரு கொள்கை மட்டும் அதற்குள் இருந்தது: எங்கே வாழ்கிறானோ அங்கே அவனுக்குப் பாத்தியதை உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சொல்லின் பொருளே மாறிவிட்டது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். குடிசையை மாற்றுவது ஆளை இடம் மாற்றுவது என்றாயிற்று. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் குடும்பங்கள் லாரி லாரியாகப் பெரும்பாக்கம் போயின. 2021-இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பெயரிலிருந்தும் குடிசை அகற்றப்பட்டது.

4

லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளை நடுத்தர வர்க்கம் ஒவ்வொரு வீடாக வாங்கிப் பிடித்ததைக் கவனித்த ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-இல் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். கனவான்மயமாதல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அங்கே வாங்குகிறவனும் வெளியேறுகிறவனும் ஒரே வாசலில் எதிரெதிரே வந்தார்கள். சென்னையில் அந்தச் சந்திப்பு நடப்பதில்லை. வெள்ளம், சுனாமி, நதிச் சீரமைப்பு, நீதிமன்ற ஆணை என்று எவையெவையோ முன்னால் வந்து வேலையை முடித்துவிடுகின்றன. வாங்குகிறவன் கடைசியில் சுத்தமான கையுடன் வருகிறான். 'நான் யாரையும் காலி செய்யச் சொல்லவில்லையே' என்று அவன் சொல்வது முழு உண்மை.

2022 ஏப்ரல் கடைசியில், ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகரில், உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கின் முடிவாக வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். பள்ளித் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த சமயம். மே 8-ஆம் தேதி, இடிப்பைக் கண்டித்து அங்கே வசித்த ஒருவர் தீக்குளித்தார், பிழைக்கவில்லை. மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே அந்தக் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கப்படும் என்று அதன்பின் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே இடம் கொடுப்பது சாத்தியம்தான் என்பது ஒரு மனிதர் எரிந்த பிறகு தெரியவந்தது. அதுவரை அது ஏன் சாத்தியமில்லாததாக இருந்தது? நிலத்தின் விலை என்ற பதில் எல்லோருக்கும் தெரியும். அந்த விலையை ஏற்றியது யார் என்று கேட்டால் யாருடைய பெயரும் வராது.

வெளியேற்றப்பட்டவர்களோடு 'ஏரியா'வும் கூடவே போகிறது. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்பதால் அங்குள்ள இளைஞர்கள் வேறு முகவரி கொடுக்கிற கதைகள் பலமுறை பதிவாகியிருக்கின்றன. அந்தப் பெயரை வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களா தெரியாது. கண்ணகியின் கதை, ஊருக்குப் புதிதாக வந்த ஒருவன் ஒரு பொற்கொல்லனின் வார்த்தையை நம்பி விசாரணையின்றிக் கள்வன் எனக் கொல்லப்பட்ட கதை. அவள் பெயரிட்ட நகரின் பிள்ளைகளை, முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகிக்கிறோம். கையில் சிலம்புகூட இருக்க வேண்டியதில்லை.

5

'நான் யாரையும் காலி செய்யச் சொல்லவில்லையே' என்பதற்குத் திரும்புவோம். கார்ல் யாஸ்பெர்ஸ் 1946-இல் ஜெர்மானியரின் குற்றத்தைப் பற்றி எழுதியபோது சட்டக் குற்றம், அரசியல் குற்றம், தார்மீகக் குற்றம், இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்ட ஒரு குற்றம் என்று நான்காகப் பிரித்தார். அந்தப் பேரழிவை இதோடு ஒப்பிடுவது அபத்தம். ஆனால் சட்டப்படி நிரபராதி என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை என்ற அவருடைய படிப்பினை சிறிய விஷயங்களுக்கும் பொருந்தும். இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஜெர்மனிவரை போகவேண்டிய அவசியம்கூட இல்லை. அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

அதில் நிலத்தின் 'பிரிபடாத பாகம்' என்று ஒன்று எழுதியிருக்கும். இத்தனை சதுர அடி எனக்குச் சொந்தம். ஆனால் மனையில் அது எந்த மூலை என்று என்னால் காட்ட முடியாது. காட்ட முடியவில்லை என்பதால் அது இல்லை என்று எந்த வாங்குபவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். அதற்குத்தான் காசே கொடுத்திருக்கிறான். ஒரு தெரு கைமாறுவதில் அவனுக்குள்ள பொறுப்பும் இதே மாதிரியான பிரிபடாத பாகம். எந்தக் குடும்பம் என்னால் போயிற்று என்று சுட்டிக்காட்ட முடியாது. விலை ஏறியதில் எனக்குப் பங்கு வந்ததுபோல், அந்த ஏற்றத்துக்குக் காரணமானதிலும் பங்கு உண்டு. முன்னதை மட்டும் பத்திரத்தில் ஏற்றுக்கொண்டு பின்னதை மறுப்பதில் நேர்மை இல்லை.

வில்லங்கச் சான்றின் இயல்பும் இதுதான். பதிவான உரிமைகளை மட்டுமே அது காட்டும். மூன்று தலைமுறையாகக் கால்வாய்க் கரையில் பிறந்து, அந்தத் தெருவிலேயே மீன் விற்று, அந்தத் தெரு வீடுகளிலேயே வேலை செய்து, அங்கேயே இறந்தவர்களின் பாத்தியதை எந்தப் புத்தகத்திலும் பதிவாகவில்லை. ஆகவே வில்லங்கம் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். அலுவலகம் பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்டது அவ்வளவுதான்.

6

அப்படியானால் வாங்கக் கூடாதா? இந்த முடிவுக்கு வருவது சுலபம், பயனற்றதும்கூட. ஒருவன் வாங்காமல் போனால் இன்னொருவன் வாங்குவான். வாடகை வீடுகளில் வீட்டுக்காரரின் முகம் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்த ஒரு குமாஸ்தா, ஓய்வுபெறும் காலத்தில் சொந்தமாகச் சுவர் வேண்டும் என்று ஆசைப்படுவதைக் கண்டிக்கிற துணிவு எனக்கு இல்லை. அவன் தேடுவதும் வெளியேற்றப்பட மாட்டோம் என்ற உத்தரவாதத்தைத்தான். கால்வாய்க் கரையில் இருப்பவன் கேட்பதும் அதே உத்தரவாதம். இருவர் வேண்டுவதும் ஒன்றாக இருந்தும், ஒருவனுக்கு அது கிடைப்பது மற்றவனுக்குக் கிடைக்காமல் போவதால்தான் என்ற ஏற்பாட்டை நகரம் செய்து வைத்திருக்கிறது.

எனவே தார்மீகத் தேர்வு நிகழும் கணம் பத்திரப் பதிவன்று வருவதில்லை என்று நினைக்கிறேன். அது பிறகு, மிகச் சாதாரணமான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டம். கால்வாய்க் கரை ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி மாநகராட்சிக்கு ஒரு மனு. தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, பாதுகாப்பு என்று நியாயமான கோரிக்கைகளுக்கு நடுவில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ அந்த வரி இருக்கும். காப்பி தருகிறார்கள். பேனாவும் தருகிறார்கள். முப்பத்தெட்டுப் பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டோடு சேர்த்து வாங்கிய அந்த எதிர்பார்ப்பு அங்கேதான் தன் பாக்கியைக் கேட்கிறது. ஜெயகாந்தன் சேரிக்குள் போய் அங்குள்ள அறத்தை எழுதினார். அசோகமித்திரன் இந்த நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சிறு அவமானங்களை எழுதினார். இரண்டுக்கும் நடுவே இருக்கிற காம்பவுண்டுச் சுவரில் வைத்துக் கையெழுத்திடப்படும் இந்தக் காகிதத்தை நம் இலக்கியம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது.

விளக்கு வேண்டும் என்று கேட்கலாம். அது சந்துக்குள்ளும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்கலாம். ஆறாவது வரியை அடிக்கச் சொல்லலாம். அடிக்க மறுத்தால் கையெழுத்திடாமல் எழுந்து வரலாம். இதனால் இடிப்பு நின்றுவிடாது. வீட்டின் விலை கொஞ்சம் மெதுவாக ஏறலாம், பக்கத்து வீட்டுக்காரர் சில மாதம் பேசாமல் இருக்கலாம். வாங்கியவனால் கொடுக்க முடிகிற விலை அவ்வளவுதான். அதையும் கொடுக்க மறுக்கிறவன், தான் பயப்படுகிற ஏரியாவைப் பற்றிப் பேசும்போது குற்றம் என்ற சொல்லைச் சற்று யோசித்துப் பயன்படுத்த வேண்டும்.