மறதியும் பிரமாதமும்

'பிரமாதம்' என்னும் சொல்லை இன்று தமிழ் மக்கள் 'மிகச் சிறப்பு' என்னும் பொருளில் வழங்குகின்றனர். நம் ஆகமங்களில் அச்சொல்லின் பொருள் வேறு. விழிப்பின்மை, அசட்டை, கருத்தின்றி ஒழுகுதல் என்பனவே அதற்குப் பொருள். வினை உயிரைக் கட்டுவதற்குரிய ஐந்து காரணங்களுள் பிரமாதத்தையும் ஒன்றாக உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணுகிறார். ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போதும் பிரமாதத்தையே முன்வைக்கிறார். திருக்குறளில் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே மறவாமையின் பொருட்டு அமைந்துள்ளது.

இவ்வாறு மறதியைக் குற்றமெனக் கொள்ளும் மரபில் வளர்ந்தோர் நாம். ஆயின், மறதி ஒருவருக்கு உடலோடு பிறந்த இயல்பாக இருப்பின், அதனைக் குற்றமென்று கூறலாகுமா? இவ்வினாவை நம் மகள் நம்மிடம் எழுப்பிய நாளை இன்றும் மறக்க இயலவில்லை.

பணி நிறைவுக்குப் பின் நாம் கொடைக்கானலில் மகளின் இல்லத்தில் வாழ்ந்து வருகிறோம். மருமகன் மின்கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலினர்; இனிய இயல்பினர். ஒரு மழைக்காலத்து இரவில் அவர் விளக்கேற்றிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை மூடாமல் சென்றுவிட்டார். மறுநாள் காலையில் விட்டில்களும் கொசுக்களும் அதில் விழுந்து மடிந்து கிடந்தன. அது முதல் முறையும் அன்று. பொழுது சாயுமுன் உணவுக்கு வந்துவிடுவதாகக் கூறிச் சென்று, இருட்டிய பின் வந்து பட்டினியாகப் படுத்த நாள்களும் பல. அன்று மகள் கண்ணீர் மல்கக் கூறினாள்: "அம்மா, அவர் கெட்டவர் இல்லை. ஆனா நான் சொல்றது எதுவும் அவர் மனசுல நிக்கறதில்லை. என்னை ஒரு பொருட்டா நினைச்சா மறக்குமா? இந்தப் பாவம் யாரைச் சேரும்?"

அவ்வாண்டிலேயே எட்டு வயதான பேரனைப் பற்றிப் பள்ளியிலிருந்து முறையீடு வந்தது. இருக்கையில் அமர்வதில்லை, வினாவை முடிக்குமுன் விடை கூறுகிறான், எழுதத் தொடங்கியதை முடிப்பதில்லை என்றனர். மதுரைக்கு அழைத்துச் சென்று மனநல மருத்துவரிடம் காட்டினோம். அவர் பிள்ளையைப் பல முறை ஆராய்ந்து, பள்ளியிலிருந்தும் செய்தி பெற்று, இது ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகையியக்கமும் கூடிய குறைபாடு என்றார். அருகில் அமர்ந்திருந்த மருமகன் மெல்ல, "சின்ன வயசுல நானும் இப்படித்தான் இருந்தேன் டாக்டர்" என்றார். அதன்பின் அவரும் ஆராயப்பட்டார். முப்பத்தெட்டு வயதில் தம் இயல்பிற்கு ஒரு பெயருண்டு என அறிந்தார்.

இக்குறைபாட்டின் வரலாறே நம் வினாவிற்குத் தொடர்புடையது. 1902ஆம் ஆண்டு இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் நாற்பத்து மூன்று குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாதிருந்த அப்பிள்ளைகளின் நிலையை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை எனக் குறித்தார். உடலியல்பை ஒழுக்கத்தின் பெயரால் அழைத்த காலம் அது. 1937இல் அமெரிக்க நாட்டின் சார்லஸ் பிராட்லி, சில பிள்ளைகள் மருந்தினால் அமைதியுற்றுப் பாடத்தில் ஈடுபட்டதைக் கண்டறிந்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூல் கவனக்குறைவையே இக்குறைபாட்டின் பெயராக்கியது. 2007இல் பிலிப் ஷா முதலானோர் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்ச்சி அடைவது ஏனைய பிள்ளைகளினும் ஏறத்தாழ மூன்றாண்டு பிந்தியது தெரியவந்தது. கட்டளையிட்டுத் தன்னை நடத்திக்கொள்ளும் முன்மூளைப் பகுதியில் அத்தாமதம் மிகுதி. இக்குறைபாடு பெரும்பாலும் மரபு வழி வருவது. பெற்றோரின் வளர்ப்புக் குறையால் தோன்றுவதன்று.

இதன் அறிகுறிகள் பன்னிரண்டு வயதிற்குள் தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுதல் வேண்டும். ஆறு திங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும். எனவே துடுக்கான பிள்ளை யாவர்க்கும் இப்பெயரைச் சூட்டுதல் தவறு. பார்வைக் குறை, செவிக் குறை, உறக்கமின்மை, மனக்கவலை ஆகியனவும் கவனத்தைக் கெடுக்கும். பெண் பிள்ளைகள் பலர் ஓடியாடாமல் கனவு காண்பவர் போல் அமர்ந்திருப்பதால் அவர்களது குறை புலப்படாமலே போய்விடுகிறது. கோவை மாவட்டத்துப் பள்ளிகள் நான்கில் ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, நூற்றுக்குப் பதினொருவரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. உலக அளவில் நூற்றுக்கு ஐவர் எனப் பொதுவாகக் கணிப்பர். அவ்வாறாயின் நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் இருவரேனும் இருப்பர்.

அந்தக் கணக்கைப் படித்தபோது நம் நெஞ்சில் ஒரு முகம் தோன்றியது. 1976ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்த சில ஆண்டுகளில் தாண்டிக்குடிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் நாம் பணியாற்றினோம். காபித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன், ஒன்பது வயதினன், நம் வகுப்பில் பயின்றான். பலகையை மறப்பான், பல்பத்தை மறப்பான், நாம் பேசும்போதே எழுந்து வெளியே செல்வான். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படித்தோம், தேர்விலும் தேறினோம். எனினும் அவனை வாயிற்படியில் மூடுபனியில் நிற்க வைப்பதே நாம் அறிந்த வழியாக இருந்தது. ஒருநாள் அவ்வாறு நின்றவன், நாம் வெளியே வருவதைக் கண்டு, "டீச்சர், பாத்து வாங்க, எறும்பு வரிசை போகுது" என்றான். நாம் காலை எடுத்து வைத்து எறும்பை மிதியாமல் கடந்தோம். கடந்தபின், "இந்தக் கவனம் பாடத்தில் இருந்தால் உருப்படுவாய்" என்றோம். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் வரவில்லை என அவன் வீட்டிற்குச் சென்று நாம் கேட்கவும் இல்லை.

விருப்பமானதில் ஆழ்ந்து நிற்பதும், விருப்பமற்றதில் நிலைகொள்ளாமையும் இக்குறைபாட்டின் இயல்பே என இன்று அறிகிறோம். பழுதுற்ற மின்கருவி முன் நான்கு மணி நேரம் அசையாதிருக்கும் நம் மருமகனால் நான்கு நிமிடச் சொல்லை நினைவில் நிறுத்த இயலவில்லை. 'வேண்டியதில் மட்டும் கவனம் வருகிறதே' எனப் பிறர் ஐயுறுவதற்கு இதுவே காரணம். கவனம் அவர்களிடம் இல்லாமலில்லை; அதனை வேண்டும்போது வேண்டுமிடத்தில் நிறுத்தும் ஆற்றலே குன்றியுள்ளது. காலத்தின் அளவும் அவர்களுக்குப் புலப்படுவதில்லை. 'இப்போது', 'பிறகு' என்னும் இரண்டே பொழுதுகளில் அவர்கள் வாழ்கின்றனர் எனலாம்.

இனி மகளின் வினாவிற்கு வருவோம். அந்தச் சிற்றுயிர்கள் இறந்தது மெய். அது பிரமாதமா?

நேமிசந்திராசாரியர் அருளிய கோம்மடசாரத்தில் பிரமாதம் பதினைந்தெனக் கூறப்பட்டுள்ளது. வீண் பேச்சாகிய விகதை நான்கு, குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயம் நான்கு, ஐம்புல நாட்டம் ஐந்து, உறக்கம் ஒன்று, பற்று ஒன்று. உடலின் நினைவாற்றல் குன்றியிருத்தல் இவற்றுள் ஒன்றாகப் பெயர் கூறப்படவில்லை. எனவே 'மறந்தவர் மதியாதவர்' என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும் உறக்கம் அப்பட்டியலில் உள்ளது என்பதை மறத்தலாகாது. உறக்கம் உடலின் இயல்பு. அதற்காக எவரையும் பழிப்பதில்லை. ஆனால் உறக்கம் வருமென்று அறிந்தவன் அடுப்பை அணைத்துவிட்டே படுக்கவேண்டும். இயல்பு குற்றமன்று, இயல்பை அறிந்த பின்னும் அதற்குக் காப்பு அமைக்காதிருத்தலே பிரமாதம். அறியாத காலத்து மறதிக்கு மருமகனைப் பழித்தல் தகாது. அறிந்த பின் 'நான் இப்படித்தான்' எனக் கூறி அமைதல் அவருக்கும் தகாது.

அப்பட்டியலில் முதலில் நிற்கும் கஷாயம் குரோதம் என்பதையும் நோக்குக. மறந்தவரைச் சுடுசொல்லால் வருத்துவோரும் பிரமாதத்தின் வயப்பட்டவரே. அன்று வாயிற்படியில் நின்ற சிறுவனுக்கு உடலில் ஒரு குறை இருந்திருக்கலாம். நமக்கு உடலில் குறையொன்றும் இல்லை. எறும்பைக் கண்ட நம் கண் அவனைக் காணவில்லை. அவ்விடத்தில் பிரமாதம் யாருடையது என்பதை நாம் தயக்கமின்றிக் கூறுவோம்.

இதனால் மகளின் துயரம் பொய்யாகிவிடாது. அநேகாந்தம் கற்ற நாம் ஒருபக்க உண்மையை மட்டும் கொள்ளலாகாது. கணவர் வேண்டுமென்று மறக்கவில்லை என்பதும் மெய். மனைவி பல்லாண்டு தனித்துச் சுமந்தாள் என்பதும் மெய். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறுக்கும் இல்லத்தில் அமைதி நிலவாது. 'எல்லாம் பழவினை' எனக் கூறி ஒதுங்குவோரும் உளர். வினைக் கொள்கை தன்னைத் தான் ஆராய்தற்கு உரியது, பிறரை அளத்தற்கன்று. கண் மங்கியவர் மூக்குக்கண்ணாடி அணிவதை வினைக்கு மாறென்று எவரும் தடுப்பதில்லையே!

காப்பு அமைத்தல் எவ்வாறு? நம் முனிவர் பெருமக்கள் மயிற்பீலி ஏந்துகின்றனர். பல்லாண்டு நோற்ற அவர்களே மன உறுதியொன்றையே நம்பாமல் கையிலொரு கருவியையும் கொண்டுள்ளனர். இல்லறத்தார்க்கு அதில் என்ன நாணம்? இக்கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பெற்ற வான் ஆய்வகத்தில் 1904 முதல் கதிரவனின் உருவம் நாள்தோறும் படமெடுக்கப்பட்டு வருகிறது. நூற்றாண்டைக் கடந்த அப்பணி ஒருவர் நினைவால் நடப்பதன்று; ஒழுங்கமைப்பால் நடப்பது.

மகள் இல்லத்திலும் அவ்வாறே செய்தோம். கிண்ணத்திற்கு மாற்றாக மூடி இணைந்த எண்ணெய்ச் செம்பு வந்தது. சாவிக்குக் கதவருகில் ஆணி அடிக்கப்பட்டது. பொழுது சாய அரைமணி முன்னதாக மருமகனின் கைப்பேசி ஒலிக்கும். கூறவேண்டியதை ஒன்றொன்றாகக் கூறிச் சுவர்ப்பலகையிலும் எழுதுகிறோம். பேரனுக்குப் பள்ளியில் முன்வரிசை இடமும், இடையிடையே எழுந்து நடக்க வாய்ப்பும் கிடைத்தன. "மறந்துவிட்டாயா?" என்னும் வினாவை வீட்டில் விலக்கினோம், "எதுவரை முடிந்தது?" எனக் கேட்கிறோம்.

மருந்தைப் பற்றி நம் குடும்பங்களுக்கு ஒரு சொல். மருத்துவர் வேண்டுமெனக் கூறின் அஞ்ச வேண்டா. தாமாகத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டா. குப்பி போன்ற மருந்துறைகள் பல, விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. மாத்திரை வடிவிலோ தாவர உறையிலோ கிடைக்குமா என மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். நோன்பு நாள்களில் எப்பொழுது உட்கொள்வது என்பதையும் முன்னரே கேட்டறிதல் நன்று.

இவற்றால் எல்லாம் சீராகிவிட்டது எனக் கூறோம். மருமகன் இன்றும் மறக்கிறார். மகளும் சில நாள் சலிப்புறுகிறாள். ஆனால் 'என்னை மதியாதவர்' என்னும் முள் அவள் நெஞ்சிலிருந்து நீங்கியது. 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் முள் அவர் நெஞ்சிலிருந்து நீங்கி வருகிறது.

இப்பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் ஐவர்மலை உள்ளது. கி.பி. 870இல் சாந்திவீரக்குரவர் அங்கு மங்கியிருந்த பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். வழிபாடும் அடிகள் ஒருவர்க்கு உணவும் தடையின்றி நடக்க 505 காணம் பொன் வைத்து, அதனைப் பாறையில் பொறித்தும் வைத்தார். பின்வருவோர் மறப்பர் என அறிந்த பெரியோர், அவர்களை வைதாரில்லை. மறவாதிருக்க வழி செய்தார்.

தசலட்சண பர்வத்தின் நிறைவில் நாம் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். சென்ற ஆண்டு மருமகன் மகளிடம் வேண்டியபோது அவளும் அவரிடம் வேண்டினாள். நாம் வேண்டவேண்டியவன் எங்குள்ளான் என அறியோம். இன்று அவனுக்கு ஐம்பத்தைந்து வயதைக் கடந்திருக்கும். நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் வாயிற்படியில் நிற்கும் பிள்ளை எவரேனும் இருப்பின், அவரை உள்ளே அழைத்து அமர்த்துவீராக. நாம் செய்யத் தவறியது அதுவே.