பொது வீட்டில் ஒரு நாற்காலி

பிரிட்டனில் எதற்கும் வரிசை உண்டு. பப்பின் கவுன்டரில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது. நீளமான மரக் கவுன்டரில் ஆளுக்கொரு பக்கம் முழங்கையை ஊன்றி நிற்பார்கள். ஆனாலும் யார் முதலில் வந்தார், யார் பிறகு வந்தார் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஊற்றிக் கொடுப்பவர் முறை மாறிக் கேட்டுவிட்டால், “இவர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார்” என்று சொல்வதுதான் அங்கே மரியாதை. வக்கீலானாலும் கொத்தனாரானாலும் எழுந்து நடந்துபோய், காத்து நின்று, காசு கொடுத்து, கிளாஸைத் தானே தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு. குடிக்கிற இடம் என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி பீரை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. தனியாக வாழும் ஒரு முதியவர் அன்றைய நாளில் வாய்திறந்து பேசுகிற ஒரே ஆள் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவராக இருக்கக்கூடும்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையில் தனக்குப் பிடித்த பப்பைப் பற்றி எழுதினார். ‘மூன் அண்டர் வாட்டர்’ என்று அதற்குப் பெயர். நிம்மதியாகப் பேச முடிகிற அமைதி, வருகிறவர்களில் பெரும்பாலோரின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் பணிப்பெண்கள், குழந்தைகள் விளையாடத் தோட்டம் என்று ஒவ்வொன்றாக விவரித்துவிட்டு, அப்படியொரு பப் உண்மையில் இல்லை என்று கடைசியில் சொன்னார். அந்தக் கனவு பப்பிலும் இரவுச் சாப்பாடு கிடையாது. ஈரல் சாசேஜ் வைத்த சாண்ட்விச், சீஸ், ஊறுகாய். பகலில் மாடியில் வயிறு நிறையும் ஒரு சாப்பாடு. அவ்வளவே அவர் கேட்டது.

பப்பில் சாப்பாடு இவ்வளவுதான் என்ற நிலையை மாற்றியது லண்டன் ஃபாரிங்டன் சாலையில் உள்ள ‘தி ஈகிள்’ என்ற பப். அதற்கு வழி திறந்தது ஓர் அரசாணை. பெரிய பீர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான பப்களைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டு, அங்கெல்லாம் தங்கள் சரக்கையே விற்க வைத்தன. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த கம்பெனிகள் கூடுதலாக இருந்தவற்றில் பாதியை விற்கவோ, அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கவோ வேண்டும் என்று 1989இல் ஆணை வந்தது. நலிந்துகிடந்த பப்கள் பல குத்தகைக்கு வந்தன. மைக் பெல்பென், டேவிட் அயர் என்ற இருவர் 1991இல் ஈகிளை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஒன்றோடொன்று சேராத பழைய நாற்காலிகளைப் போட்டார்கள். சமையலறைக்குத் தனி அறை வைக்காமல், பீர் ஊற்றும் கவுன்டரின் ஒரு பக்கத்திலேயே அடுப்பை மூட்டினார்கள். மெனு கரும்பலகையில் இருக்கும், தீர்ந்ததை அழித்துவிடுவார்கள்.

அங்கே தொடக்கத்திலிருந்தே பேர்போனது ‘பிஃபே ஆனா’ என்ற மாட்டிறைச்சி சாண்ட்விச். அயர் மொசாம்பிக்கில் வளர்ந்தவர். போர்த்துகீசியக் கைப்பக்குவம் அவரோடு வந்தது. மெல்லியதாக வெட்டிய இறைச்சியைப் பூண்டு, மிளகாய், வெங்காயம், சிவப்பு ஒயின் சேர்த்து ஊறவைக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த சட்டியில் இரண்டு பக்கமும் சட்டென்று வாட்டி எடுத்து, ஊறிய சாற்றை அதே சட்டியில் ஊற்றிச் சுண்டவிடுகிறார்கள். பிளந்து வைத்த பன்னில் இறைச்சியை அடுக்கி, மேலே அந்தச் சாறு. கடித்தால் மணிக்கட்டு வரை வழியும். அப்போது பக்கத்தில்தான் ‘தி கார்டியன்’ அலுவலகம். பத்திரிகைக்காரர்கள் இதைக் கையில் பிடித்துத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். மேஜை விரிப்பும் தனிப் பணியாளும் இருந்தால்தான் நல்ல சாப்பாடு என்ற எண்ணம் அங்கே தளர்ந்தது.

நல்ல சாப்பாடு தரும் பப்பைக் குறிக்கும் ‘காஸ்ட்ரோபப்’ என்ற சொல் ஈகிளிலிருந்துதான் பரவியது. 2001இல் ஹியர்ஃபோர்டுஷயரின் ‘தி ஸ்டாக்’, உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டியின் ஸ்டாரைப் பிரிட்டனில் பெற்ற முதல் பப் ஆயிற்று. மார்லோவில் டாம் கெரிட்ஜ் நடத்தும் ‘தி ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்’ அந்த வழிகாட்டியின் 2012 பதிப்பில் இரண்டு ஸ்டார்களை எட்டியது. வேறெந்தப் பப்பும் அதற்குமுன் அதைத் தொட்டதில்லை.

கேள்வி இங்கேதான் எழுகிறது. சாப்பாடு உயர உயர, பல பப்களில் எல்லா மேஜையிலும் கத்தியும் முள்கரண்டியும் முன்கூட்டியே அடுக்கப்பட்டன. ‘முன்பதிவு’ என்று சின்ன அட்டை நின்றது. மாலை ஐந்து மணிக்கு நாயோடு வந்து அரை பைன்ட் வாங்குகிறவருக்கு, எங்கே உட்காரலாம் என்ற தயக்கம் வந்துவிட்டது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அடுக்கிவைத்த முள்கரண்டியே சொல்லிவிடுகிறது. எல்லோருக்குமான ஓர் இடத்தைச் சிறப்பாக்கும்போது, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போகத்தான் வேண்டுமா?

பழியைச் சாப்பாட்டின் மேல் போடுவது நியாயமாகாது. 2000இல் பிரிட்டன் முழுவதும் 60,000க்கு மேல் பப்கள் இருந்தன. இன்று ஏறத்தாழ 45,000. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு; வரியும் வாடகையும் ஏறிவிட்டன. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தபிறகு சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். சமையல் கைகொடுக்காவிட்டால் இன்னும் எத்தனையோ கதவுகள் மூடியிருக்கும். பழமை என்று கண்ணை மூடிக்கொண்டு உருகவும் முடியாது. ரொட்டி, சீஸ், ஊறுகாய் சேர்ந்த ‘ப்ளோமன்ஸ் லஞ்ச்’ உழவர்களின் ஆதிகாலத்து உணவு போலத் தெரிந்தாலும், அந்தப் பெயரில் அது பரவியது 1950களிலும் 60களிலும், சீஸ் விற்பனையைப் பெருக்க நடந்த விளம்பரத்தால்தான். பப் என்றைக்குமே மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆகவே எதை மாற்றலாம், எதைக் கைவிடக் கூடாது என்பதில்தான் கவனம் வேண்டும். கென்ட் கடற்கரையில் சீசால்டர் என்ற ஊரில் ‘தி ஸ்போர்ட்ஸ்மன்’ இருக்கிறது. கேன்டர்பரி பேராலயத்தின் சமையலறைக்குச் சொந்தமான ஊர் அது என்று 1086இன் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏடு பதிந்திருக்கிறது. பள்ளியில் சேர்ந்து சமையல் படிக்காத ஸ்டீபன் ஹாரிஸ் 1999இல் இந்தப் பப்பை எடுத்தார். எதிரே இருக்கிற கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்; வெண்ணெயைத் தானே கடைந்தார். 2008இல் ஸ்டார் கிடைத்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள், வந்தவர்கள் கரும்பலகையைப் படித்துவிட்டு, எழுந்து கவுன்டருக்கு நடந்துபோய்த்தான் ஆர்டர் சொன்னார்கள். அந்த நடையை அவர் ஒழித்துவிடவில்லை.

லண்டன் ஃபுல்லமில் ‘தி ஹார்வுட் ஆர்ம்ஸ்’ ஸ்டார் வாங்கிய பப். அதன் பெயரைப் பரப்பியது ஒரு முட்டை. அரைவேக்காட்டு முட்டையைக் கொத்திய மான் இறைச்சியால் மூடி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த ஸ்காட்ச் எக். வெட்டினால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மஞ்சள் கரு இளகி ஓடும். தேர்ந்த கைகளின் அதே உழைப்பு, கையில் எடுத்துத் தின்னக்கூடிய ஒரு பண்டத்திலும் இருக்கிறது. ஒரு கிளாஸ் பீரோடு அதை மட்டும் வாங்கித் தின்றவரும் விருந்தாளிதான்.

வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2003இல் ‘தி ஆங்கர் அண்ட் ஹோப்’ திறந்தபோது, அதை நடத்தியவர்களில் ஈகிளில் சமைத்துப் பழகியவர்களும் இருந்தார்கள். முன்பதிவு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். யாராக இருந்தாலும் பெயரைக் கொடுத்துவிட்டு, குடிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் நெருக்கியடித்து உட்காருவார்கள். மணிக்கணக்கில் வெந்த ஆட்டுத் தோள்கறி, நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் அளவில் முழுசாகப் பாத்திரத்தோடு வரும். மூடியைத் திறந்ததும் ஆவி மேஜை முழுக்கப் பரவும். வெறும் கிளாஸோடு காத்திருப்பவர் கவுன்டரிலிருந்து திரும்பிப் பார்ப்பார். “அது என்ன?” என்று கேட்பார். மேஜையில் இருப்பவர் கரும்பலகையைக் கைகாட்டுவார்.