முதலில் வாழ்த்தியவர் மரியா



இன்று அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. நாட்டின் சுதந்திர நாளும்கூட. விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்னையைக் கொண்டாடும் நாளில் திருச்சபை நமக்கு வாசிக்கத் தந்திருப்பது, அவர் மண்ணில் நடந்த ஒரு பயணத்தை. லூக்கா நற்செய்தி, முதல் அதிகாரம். நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். நம் மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை என்ன? செக்கரியாவின் வீட்டுக்குள் போய் எலிசபெத்தை வாழ்த்தினார். உலகின் மீட்பரை வயிற்றில் சுமந்தவர் அவர். வயதில் மூத்தவரே ஆனாலும் எலிசபெத் வந்து தம்மைப் பார்க்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முதல் வாழ்த்து மரியாவுடையது.

இதை இன்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்னும் இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்கும் திருவிழா. அதற்கு முன்பே நம் ஈசிஆர் சாலை காவியாகிவிடும். சென்னையிலிருந்து நடந்து வருகிறவர்கள் ஒரு பக்கம், சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு பக்கம். ஹேண்டில்பாரில் மாதா படம், அதற்கு ஒரு மாலை, கேரியரில் போர்வை, காற்றடிக்கிற பம்பு. 300 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கிறவர்களில் நம் ஊரின் இந்துக்களும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் இந்த ஆண்டு அப்படிக் கிளம்பத் தயாராகிறார்கள். நல்லது, போய் வாருங்கள். ஆனால் போகிற வழியைக் கொஞ்சம் கவனியுங்கள்.

மரக்காணத்தைத் தாண்டியதும் கூனிமேடு, அங்கே பள்ளிவாசல். புதுச்சேரி, கடலூர் கடந்தால் சிதம்பரத்தில் நடராசர் கோயில். காரைக்காலுக்கு அப்புறம் நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள். அவற்றில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங், ஓர் இந்து. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, சாதி மதம் பார்க்காமல் இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது அந்தத் தர்கா. வேளாங்கண்ணியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்திருத்தலத்து மரபின்படி அன்னை முதலில் காட்சி கொடுத்தது, நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஓர் இந்துச் சிறுவனுக்கு. குழந்தைக்குப் பால் வேண்டும் என்று அவர்தான் அவனிடம் கேட்டார்.

இத்தனை வாசல்களையும் நாம் வேகமாகக் கடந்துபோகிறோம். டீ குடிக்க நிற்கிறோம், பஞ்சர் ஒட்ட நிற்கிறோம். வணக்கம் சொல்ல நிற்பதில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேளாங்கண்ணிக்குப் புறப்படும் முன், வருகிற ஞாயிறன்று, முதல் திருப்பலி முடிந்ததும், நம் ஊரிலேயே ஒரு சைக்கிள் பயணம் போவோம். முதலில் பூமீஸ்வரர் கோயில். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கும் கோயில் அது. இங்கேயே பிறந்து வளர்ந்து அதன் வாசலை மிதிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்து கூனிமேட்டுப் பள்ளிவாசல். திரும்பும் வழியில் குப்பத்து அம்மன் கோயில், பிறகு நம் சகோதர சபைகளின் ஆலயங்கள். ஒவ்வோர் இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்குள்ள பெரியவர்களை வாழ்த்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவோம்.

“வேறு சாமியைக் கும்பிடச் சொல்றீங்களா, ஃபாதர்?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இல்லை, அதைச் சொல்லவில்லை. நம் வழிபாடு நம் பீடத்தில்தான். பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் இருப்பது எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோது ராஜாஜி மண்டபத்தில் பல சமயத் தலைவர்களைச் சந்தித்தார். 2001 மே மாதம் டமாஸ்கஸ் நகரின் பெரிய பள்ளிவாசலுக்குள் போனார். அதற்குமுன் எந்தத் திருத்தந்தையும் பள்ளிவாசலுக்குள் போனதில்லை. அவர் விசுவாசம் அதனால் குறைந்துவிடவில்லை.

சைக்கிளைப் பற்றிப் பேசும்போது இத்தாலியின் ஜினோ பர்த்தாலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இளைஞர்கள் இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1938இலும் 1948இலும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றவர். பக்தியுள்ள கத்தோலிக்கர். 1943, 44இல் நாசிகள் யூதர்களை வேட்டையாடியபோது, ஃபிளாரன்ஸ் நகரப் பேராயர் கர்தினால் தல்லா கோஸ்தா அவரிடம் உதவி கேட்டார். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பதுபோல் ஃபிளாரன்ஸிலிருந்து அசிசிக்கு மிதித்துக்கொண்டு போவார். சைக்கிளின் இரும்புக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தது யூதக் குடும்பங்களுக்கான போலி அடையாளச் சீட்டுகள். அசிசியின் கன்னியர் மடங்களும் துறவியர் மடங்களும் அந்தக் குடும்பங்களை ஒளித்து வைத்திருந்தன. பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். போருக்குப் பிறகு அவர் இதைப் பற்றி வெளியில் அதிகம் பேசியதே இல்லை. 2000இல் இறந்தார். 2013இல்தான் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரை, யூதர்களைக் காப்பாற்றிய நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. வேறொரு வேதத்தைச் சேர்ந்தவர்களைக் காப்பாற்ற அவர் மிதித்தார், சகோதரர்களே. நான் உங்களிடம் கேட்பது ஒரு காலைப் பொழுது மட்டுமே.

நாம் உப்பு விளைவிக்கிற ஊர். இது உப்பு வாருகிற காலம். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, பலகையால் வாரி, வரப்பில் குவிக்கிறீர்கள். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுப் பாளம் பாளமாக வெடித்த பாதங்களோடு இந்தக் கோயிலில் முழந்தாளிடுகிறீர்கள், திருப்பலியில் நான் அதைப் பார்க்கிறேன். நீங்கள் மண்ணுக்கு உப்பாக இருக்கிறீர்கள் என்று ஆண்டவர் சொன்னது மத்தேயுவில் வருகிறது, அது எல்லாருக்கும் தெரியும். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வீட்டில் போய் எடுத்துப் பாருங்கள். அங்கே ஆண்டவர் உப்பையும் ஒருவரோடொருவர் அமைதியாக வாழ்வதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார்.

அமைதி என்று சொல்லும்போது ஒரு நாளை மறைக்க முடியாது. 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் நடந்த ஒரு விழாவுக்குப் போன கூட்டம் இதே ஈசிஆர் சாலையில் வந்தபோது மரக்காணத்தில் மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அது மதச் சண்டை அல்ல, சாதிச் சண்டை. அந்த வெப்பம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே பாத்தியில் பகலெல்லாம் நின்றவர்கள் சாயங்காலம் தனித்தனித் தெருக்களுக்குத் திரும்புகிறார்கள். ஆகவே நம் சைக்கிள்கள் பெரிய கோபுரங்களின் முன்னால் மட்டும் நின்றால் போதாது. காலனியின் சிறு கோயிலுக்கும் போக வேண்டும், அங்கே கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிக்க வேண்டும். கிறிஸ்தவர்களாகிய நமக்குள்ளும் இந்தக் கோடு ஓடுகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போவது நம்மில் சிலருக்குச் சுலபம். பக்கத்துத் தெருவுக்குப் போவதுதான் கடினம்.

கார் வேண்டாம், வேன் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்ட வண்டியில் போகிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. சைக்கிளில் போகிறவரிடம் “எங்கண்ணே போறீங்க?” என்று தெருவே கேட்கும். நின்று பதில் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டு ஊரின் பேச்சை மாற்றினார்கள். நம் வீடுகளிலோ பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் ஏற்கெனவே நிற்கிறது. உப்புக்காற்றில் செயின் துருப்பிடித்திருக்கும். சனிக்கிழமையே எண்ணெய் போட்டு, காற்றடித்து வையுங்கள். சைக்கிள் இல்லாதவர்கள் தங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம். வயதானவர்கள் வீட்டிலிருந்து செபமாலை சொல்லி எங்களோடு வாருங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில் கூடுவோம். வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும், தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.