கதவின் வெளிப்பக்கம்



லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்திலிருந்து செல்வரும் இலாசரும் உவமையை இன்று கேட்டோம். அந்தச் செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. ஓர் ஏழை புண்களோடு அவருடைய வாயிலருகே கிடந்தார், அவ்வளவுதான். ஆனால் இறந்தபின், பாதாளத்திலிருந்து ஆபிரகாமிடம் மன்றாடும்போது, செல்வர் இலாசரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். ஆக, பெயர் தெரிந்திருக்கிறது. கிடப்பவர் யார் என்று தெரிந்தும், வாயிலைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நிற்க அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.

இதைத் தியானித்தபோது உங்கள் வீட்டு முன்கதவுகள்தான் என் கண்முன் வந்தன. லண்டனில் ஹரோ, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் என்று எங்கே வீடு மந்திரிக்கப் போனாலும் பெரும்பாலும் யுபிவிசி பிளாஸ்டிக் கதவுதான். 1980களிலிருந்து மரக்கதவுகளைக் கழற்றிவிட்டு இந்நாட்டுத் தெருக்கள் முழுக்க இதைப் போட்டார்கள். உளுக்காது, ஊறாது, வர்ணம் அடிக்கும் வேலையும் இல்லை என்று நம்பி வாங்கினோம். அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. வெயிலின் புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் படும்போது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மெல்லச் சிதைகிறது. வெள்ளைக் கதவு மஞ்சளிக்கும். நிறக்கதவு சாம்பல் பூத்து, விரலால் தொட்டால் மாவு ஒட்டும். தெற்குப் பார்த்த வாசல் என்றால் இன்னும் சீக்கிரம். ஆனால் இதே கதவை வீட்டுக்குள் இருந்து பாருங்கள், போட்ட அன்றுபோல் இருக்கும்.

வீட்டுக்காரர் நாள் முழுக்கப் பார்ப்பது உள்பக்கத்தை. அவசரமாகத் திறந்து, அவசரமாகப் பூட்டி, வேலைக்கு ஓடுகிறோம். வெளிப்பக்கத்தை நின்று பார்ப்பவர் மணியடித்துவிட்டுக் காத்திருக்கும் மனிதர். தபால்காரர், பொதி கொண்டு வரும் இளைஞர், துணைவரை இழந்து தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு முதியவர். நம் வீடு எப்படி வெளுத்துப் போயிருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குடும்பமாகச் செபிக்கிறோம், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறோம், உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. செல்வரின் வீட்டிலும் உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் கதவைத் தூக்கி எறியத் தேவையில்லை. பழுது மேற்பரப்பில் மட்டும்தான், அதன் கீழே கதவு உறுதியாக இருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு மென்மையான துணியால் அழுக்கை எடுக்க வேண்டும். ப்ளீச், தின்னர், கம்பி நார் எதுவும் ஆகாது, மேற்பரப்பை அவை கெடுத்துவிடும். சிலர் எண்ணெயைத் தடவி விடுவார்கள். அன்றைக்குப் பளபளக்கும், சில மழைக்குப் பிறகு பழைய நிறமே தெரியும். நிலையாக மீட்க வேண்டுமானால் பிசுக்கை முழுக்கப் போக்கி, மெதுவாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, யுபிவிசிக்கென்றே விற்கும் வர்ணத்தை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். நேர் வெயிலிலும் அடிக்கக் கூடாது, 10 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினாலும் கூடாது. வெள்ளைக் கதவுக்குக் கடும் நிறம் அடிக்கும் ஆசையையும் விடுங்கள். அது சூட்டை உறிஞ்சி, கதவு வளைந்துவிடக் கூடும்.

இந்த வேலையில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. இதை வீட்டுக்குள் இருந்து செய்ய முடியாது. தெருவில் நிற்க வேண்டும். வர்ணம் காயுமுன் கதவைச் சாத்தினால் ரப்பர் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே மணிக்கணக்கில் திறந்தே வைத்திருக்க வேண்டும். கதவு திறந்து கிடக்கிற வீட்டு வாசலில் யாராவது இருந்துதானே ஆக வேண்டும்? போகிறவர் வருகிறவர் நின்று பேசுவார்கள். இவ்வளவு காலமும் தலையசைப்போடு நின்றுபோன உறவுகள் அங்கே தொடங்கும்.

நம்மில் பலர் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு பையோடு, தெரியாத ஒருவருடைய கதவுக்கு முன்னால், குளிரில் நின்ற நாள் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. யாரோ திறந்தார்கள். கதவின் வெளிப்பக்கம் எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனாலேயே நாம் மறப்பது மற்றவர் மறப்பதைவிடக் கனமானது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 24 அன்று புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து யூபிலி ஆண்டைத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து உரோமையின் ரெபிபியா சிறைக்குப் போய் அங்கும் ஒரு புனிதக் கதவைத் திறந்தார். உள்ளே அடைபட்டவர்களைத் தேடிப் போனவர் அவர். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வாசற்படி வரை போதும்.

குளிர் இறங்குமுன் ஒரு சனிக்கிழமை, வாளியும் துணியுமாக வெளியே வந்து உங்கள் கதவைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். பெயரைக் கேட்டு அறிவதோடு நிறுத்திவிடாதீர்கள், இலாசரின் பெயர் அந்தச் செல்வருக்கும் தெரிந்திருந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே அழைத்து ஒரு தேநீர் கொடுங்கள்.