பற்றுப் புத்தகமும் ஒரு மௌனமும்



தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தரகர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளுக்கும் விலை தெரியும். அதனால் அந்த ரகசியத்தில் வஞ்சனையில்லை. (தரகரின் சாமர்த்தியம் வேறு கதை!)

நம் கடைகளிலும் அப்படியொரு துண்டு உண்டு. அதுதான் 555 புத்தகம். கோலா சிலாங்கூரில் கடை வைத்திருக்கும் எனக்கு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எந்த வீட்டில் சம்பளம் பத்தவில்லை, எந்த வீட்டில் பால்மாவு வாங்குவது நின்றது என்பதையெல்லாம் அந்தச் சிறு புத்தகமே சொல்லிவிடும். அது அமானிதம், கடன்பட்டவரின் மானத்தைக் கடைத்தெருவில் விரிப்பது பாவம் என்றே நானும் பேசி வந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண்மணி வந்தார். "பாய், எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட எவ்வளவு பாக்கி?" என்று கேட்டார். பாக்கி 340 வெள்ளி. பெரும்பகுதி சிகரெட்டும் கைமாற்றும். "அவரையே கேளும்மா" என்று அனுப்பிவிட்டேன். ஒருவர் மானத்தைக் காத்த திருப்தியோடு இஷாவும் தொழுதேன்.

இரவு தூக்கம் வரவில்லை. நான் காத்தது யாரை? அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் மறுநாளே பற்று நின்றுவிடும். சம்பளப் பணம் என் கல்லாவுக்கு வருமுன் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் போய்விடும். அவருடைய மானத்தைவிட என் வியாபாரமல்லவா அந்த மௌனத்துக்குள் ஒளிந்திருந்தது!

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார்கள் பெருமானார். மழை பெய்தது அவர் குற்றமன்று. ஈரம் அடியில் கிடந்ததுதான் குற்றம்.

மறுவாரம் அவரைத் தனியே அழைத்தேன். "தம்பி, நீங்களே வீட்டில் சொல்லிவிடுங்கள். அதுவரை கைமாற்று கிடையாது. பழைய பாக்கிக்கு அவசரமில்லை" என்றேன். கஷ்டப்படும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் அல்பகறா 280-ஆம் வசனத்தை நினைத்தே இதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

இப்போது அவர் எதிர்ப்பக்கமாகவே நடந்து போகிறார். அந்த அம்மாவும் வருவதில்லை. கடன்காரன் குடும்பத்தில் கடைக்காரன் தலையிடலாமா என்று நண்பர்கள் கோபிக்கிறார்கள். மறுபடி அந்த அம்மா வந்து கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டுவேனா என்று அவர்கள் கேட்டதற்கு, இன்னும் நான் பதில் சொல்லவில்லை.