ஒட்டுக்கன்றும் விதைக்கன்றும்

ஆயர் தாவாரைச் சுற்றி இன்று கண்ணில் படுவது பெரும்பாலும் செம்பனை. ஆனால் நம்மவரைப் பேராக் தோட்டங்களுக்கு இழுத்து வந்தது பால்மரம். அந்த மரம் ஒரு பெரிய தத்துவக் கேள்விக்குச் சாட்சி சொல்லக்கூடியது: ஒருவரின் குணமும் தகுதியும் பிறந்த குலத்தோடு கூடவே வருமா? தொடக்கத்தில் விதை ஊன்றி வளர்த்த தோட்டங்களில் ஒரு மரம் மங்கு நிறையப் பால் தந்தால், அடுத்த மரத்தின் மங்கில் அடி நனைவதே அபூர்வம். நன்றாகப் பால் கொடுத்த மரத்தின் விதையாகத் தேடி ஊன்றினாலும் இந்த ஏற்றத்தாழ்வு போகவில்லை. அதனால்தான் தேர்ந்தெடுத்த மரத்தின் மொட்டை வெட்டியெடுத்து வேறொரு கன்றின் தண்டில் ஒட்டுக் கட்டும் முறை பரவியது. புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகமும் இப்படிப் பெருகியதுதான். மகரந்தம் சேர்த்துப் பிறந்த ஒற்றை மரத்தின் மொட்டுகளே ஏக்கர் ஏக்கராக நின்றன.

விதை ஏன் அப்படி ஏமாற்றுகிறது? குன்றல் பகுப்பு, அதாவது மியோசிஸ்தான் காரணம். பால்மரத்தின் ஒரு செல்லில் 36 குரோமோசோம்கள், 18 ஜோடியாக இருக்கின்றன. மகரந்தமோ கருமுட்டையோ உருவாகும்போது ஜோடிக்கு ஒன்றுதான் போகும். எது போகும் என்பது தற்செயல். பிரிவதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்கின்றன. மனிதருக்கு 23 ஜோடி. துண்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே ஒருவரிடமிருந்து 83,88,608 விதமான சேர்க்கைகள் வரலாம். கணவன் மனைவி இருவரையும் சேர்த்தால் ஏறக்குறைய 70 லட்சம் கோடி. குலப்பெருமை பேசுகிறவர் தம் வம்சத்தை ஒட்டுக்கன்றாக நினைத்துக்கொள்கிறார். மனிதரோ எல்லாரும் விதைக்கன்றுகள். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் டிஎன்ஏ ஒரு துணுக்குகூட இன்று அவர் உடம்பில் இருக்காது. 1929 டிசம்பரில் மலாயா வந்து ஈப்போவிலும் பேசிய பெரியார் பிறவி உயர்வை மறுக்க இந்தக் கணக்கைத் தேடவில்லை, பகுத்தறிவே அவருக்குப் போதுமாக இருந்தது. நமக்கு இந்தக் கணக்கும் கையில் இருக்கிறது.

கோத்திரமும் குலதெய்வமும் தந்தைவழி வருகின்றன, ஒய் குரோமோசோமும் தந்தைவழியே வருகிறது, ஆகவே முன்னோர் அறிவியல் அறிந்தே வைத்தார்கள் என்று ஒரு வாதம் இப்போது சுற்றுகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெருமளவு மாறாமல் போவது உண்மைதான். ஆனால் அது நம் மரபணுத் தொகுதியில் சுமார் இரண்டு சதவீதம். அதன் முக்கிய வேலை ஆண்பாலைத் தீர்மானிப்பதும் விந்தணு உருவாக உதவுவதும். மகளுக்கு அது கிடைப்பதே இல்லை. அப்படியானால் அந்தக் குலத்தில் பிறந்த பெண்ணிடம் குலம் எங்கே இருக்கிறது? 'தாயைப் போல பிள்ளை' என்று சொல்வார்களே என்றால், சாயல் வருவதை யாரும் மறுக்கவில்லை. பாதி வரும், எந்தப் பாதி என்று பெற்றவரே தேர்ந்தெடுக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு சமயத்திலிருந்து வருகிறது. இந்தத் தற்செயல் குலுக்கலில் சீட்டு எப்படி விழுந்தாலும் விழச்செய்வது வினைதானே என்று சைவர் ஒருவர் கேட்கலாம். அதை நுண்ணோக்கியால் மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. அந்த எல்லையை அறிவியல் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. ஆனால் அந்த நம்பிக்கையும் குலப்பெருமைக்குத் துணை நிற்காது. வினை அந்தந்த உயிருக்கு உரியது என்றே சைவ சித்தாந்தம் கொள்கிறது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த நால்வருக்கும் தனித்தனி வினை என்றால், ஒரு சாதி முழுவதற்கும் பொதுவாக ஒரு குணத்தை எப்படி எழுதிவைப்பது? வினையை நம்புகிறவர் பிறவி உயர்வைக் கைவிட்டுத்தான் ஆக வேண்டும்.

சாதிக்குள்ளேயே மணந்தால் நல்ல குணம் நிலைக்கும் என்பதும் நடக்காது. வட்டம் சிறுத்தாலும் சீட்டுக் குலுக்கல் நிற்பதில்லை. மறைந்திருக்கும் ஒரே குறையை இருவரும் சுமக்கும் வாய்ப்புத்தான் கூடுகிறது. சம்பந்தம் பேச வரும் வீட்டார் குலத்தை விசாரிப்பதை விட்டுவிட்டு, தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்கட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், எந்தச் சாதியானாலும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.